புரட்டாசி விருந்தாளிகள்: நகரப் பூங்காவில் வலசைக் குருவி பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

செப்டம்பர் பாதியைத் தாண்டியதும் ஒரு விடியற்காலையில் செம்பருத்திப் புதருக்குள்ளிருந்து "டக்... டக்..." என்று ஒரு சத்தம் வரும். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிச் சட்டென்று எடுத்தால் எழுமே, அதே ஒலி. போன வாரம் வரை அந்தப் புதரில் அது இல்லை. எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் ஆள் தெரியாது. இலை மட்டும் அசையும். அதுதான் பிளைத் நாணல் கதிர்குருவி. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து நடு ஆசியா வரை பரந்து கிடக்கும் புதர்க்காடுகளில் எங்கோ ஓரிடத்தில் இந்தக் கோடையில் பொரித்ததோ, குஞ்சு வளர்த்ததோ, இன்று உங்கள் தெருவில் பூச்சி தேடிக்கொண்டிருக்கிறது.

சென்னையில் இலையுதிர்காலம் என்று தனியாக ஒன்று கிடையாது. புரட்டாசி வெயில், சாயங்கால இடி, ராத்திரி ஒரு மழை, அவ்வளவுதான். ஆனால் வடக்கே இலை பழுத்துப் பூச்சி குறையத் தொடங்கும்போது அங்கிருக்கும் சிறு பறவைகள் தெற்கே கிளம்பிவிடுகின்றன. இங்கே வடகிழக்குப் பருவமழை வரப்போகிறது, மரம் துளிர்க்கும், புழு பூச்சி பெருகும். அந்த இரையை நம்பித்தான் வருகின்றன. வலசை என்றால் வேடந்தாங்கலும் பள்ளிக்கரணையும்தான் நம் நினைவுக்கு வரும். நாரையும் வாத்தும் பெரியவை, கூட்டமாக வருகிறவை, கண்ணில் படுகிறவை. தெருமுனைப் பூங்காவில் ஓசையில்லாமல் வந்து இறங்கும் குருவிகளை, பாடும் பறவைகள் என்று சொல்லப்படும் சிறியவற்றை, யாரும் எண்ணுவதில்லை. அவற்றைப் பார்க்க ஊரை விட்டு வெளியே போகவே வேண்டாம். இந்தக் கட்டுரை அதற்குத்தான். சென்னையை வைத்துச் சொல்கிறேன். கடலூரிலோ திருச்சியிலோ மதுரையிலோ இருப்பவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

எந்த நாட்கள், எந்த நேரம்

ஆகஸ்ட் கடைசியிலேயே பழுப்புக் கீச்சான் வரத் தொடங்கிவிடும். செப்டம்பரில் கதிர்குருவிகளும் வாலாட்டிகளும் வருகின்றன. செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் முழுக்க ஆறுமணிக்குருவி, ஈப்பிடிப்பான்கள், பூங்குருவி. இவற்றில் பல பங்குனி வரை நம்மோடு தங்கும். அப்படியானால் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாமே என்று தோன்றலாம். பார்க்கலாம். ஆனால் செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் முடியும் வரையான இந்த ஆறு வாரத்துக்கு ஒரு தனித்தன்மை உண்டு. இலங்கைக்கும் மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் போகிற பறவைகள் வழியில் ஒரு நாள், இரண்டு நாள் இறங்கி இளைப்பாறுவது இப்போதுதான். இன்று பார்த்தது நாளை இருக்காது. நாளை வேறொன்று இருக்கும்.

சிறு பறவைகளில் பெரும்பாலானவை இரவில் பறக்கின்றன. இரவுக் காற்று குளிர்ந்து, அலையடிக்காமல் இருக்கும். பருந்து, வல்லூறு தொல்லை கிடையாது. பகல் முழுவதையும் தின்பதற்கு ஒதுக்கலாம். விடியும் நேரத்தில் கீழே பச்சையாகத் தெரிகிற இடத்தில் இறங்கிவிடும். மேலிருந்து பார்த்தால் மாம்பலமும் மயிலாப்பூரும் விளக்கும் கான்கிரீட்டுமாகத்தான் இருக்கும். நடுவில் நாலு ஏக்கர் மரம் இருந்தால் அதுதான் தீவு. அதனால்தான் காட்டைவிட நகரப் பூங்காவில் சில காலைகளில் நமக்கு அதிகம் தென்படுகிறது: இறங்க வேறு இடம் இல்லை.

கேட் திறந்ததிலிருந்து எட்டரை மணி வரை நல்ல நேரம். அதன் பிறகு வெயில் ஏறிவிடும், பறவைகள் அடங்கிவிடும். மாலையில் ஐந்து மணியிலிருந்து இருட்டும் வரை. ராத்திரி இடியோடு கொட்டித் தீர்த்து விடியலில் விட்டிருந்தால், அன்று அலுவலகத்துக்குக் கொஞ்சம் தாமதமானாலும் பரவாயில்லை, போய்விடுங்கள். மழையில் மேற்கொண்டு பறக்க முடியாமல் இறங்கியவை அன்று அங்கே இருக்கும்.

எங்கே போவது

முதல் பதில்: வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் எந்தப் பூங்கா இருக்கிறதோ அதற்கு. மாதம் ஒருமுறை பெரிய இடத்துக்குப் போவதைவிட வாரம் நாலு நாள் சின்ன இடத்துக்குப் போகிறவருக்குத்தான் வலசை புரியும். லஸ்ஸில் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்கா மாதிரி வயதான மரங்கள் உள்ள மாநகராட்சிப் பூங்கா ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும்.

பெரிய இடங்கள் என்றால் அடையாறு பக்கம் மூன்றைச் சொல்வேன். பிரம்மஞான சபை வளாகம் 1882லிருந்து அங்கே இருக்கிறது. ஆலமரத்துக்காகப் போகிறவர்கள் அதிகம், ஆனால் பறவை பார்ப்பவர்களுக்கு அங்கே இருக்கும் நிழலும் சருகும்தான் செல்வம். அடையாறு முகத்துவாரத்தை ஒட்டி 2011இல் திறந்த தொல்காப்பியப் பூங்கா. அப்புறம் கிண்டி தேசியப் பூங்கா: 270 ஹெக்டேருக்கு நகரத்தின் நடுவே ஒரு காடு. அதற்குள் நினைத்தபடி நுழைய முடியாது. அதை ஒட்டிய சிறுவர் பூங்காவுக்குப் போகலாம். மூன்று இடத்திலும் பொதுமக்களை எந்த நாளில், எந்த நேரத்தில் விடுகிறார்கள் என்று முன்கூட்டி விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.

தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி 1978லிருந்து இயங்குகிறது. அனுபவமுள்ள ஒருவரோடு இரண்டு காலை நடந்தால் இரண்டு மாதம் மிச்சம். அக்டோபர் இரண்டாம் சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் நாள் என்பதால் அதை ஒட்டிப் பல ஊர்களில் கூட்டு நடைகள் இருக்கும்.

சருகு மூலையைக் கண்டுபிடியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். புல்தரை, வெட்டி விட்ட வேலி, டைல்ஸ் போட்ட நடைபாதை, ஓப்பன் ஜிம் எல்லாவற்றையும் கடந்து போங்கள். எங்கேயாவது ஒரு மூலையில், பெரும்பாலும் பம்பு ரூமுக்குப் பின்னாலோ எருக்குழிப் பக்கமோ, யாரும் கூட்டாத சருகு கணுக்கால் அளவுக்குக் கிடக்கும். மேலே வேம்போ புங்கமோ தூங்குமூஞ்சி மரமோ நிழல் கட்டியிருக்கும். சுற்றிலும் புதர். குழாய் ஒழுகி மண் கொஞ்சம் ஈரமாக இருந்தால் இன்னும் நல்லது. அதுதான் உங்கள் இடம்.

சருகை ஒரு குச்சியால் விலக்கிப் பாருங்கள். மேலே காய்ந்த இலை மொறமொறவென்று இருக்கும். அதற்குக் கீழே கறுத்து நைந்த இலை, அதில் வெள்ளைப் பூஞ்சை இழை. அதற்கும் கீழே மண்ணோடு மண்ணாய்ப் போன பொடி. அங்கே ஒரு மரவட்டை சுருண்டுகொள்ளும், கரையான் ஓடும், பிள்ளைப்பூச்சி மண்ணுக்குள் இறங்கும், விரல்நுனி அளவு நத்தை இருக்கும். பல ராத்திரி பறந்து உடம்பில் சேர்த்த கொழுப்பெல்லாம் கரைந்து வந்திறங்கும் பறவைக்கு இதுதான் சாப்பாட்டுக்கடை. சருகைக் கூட்டிக் கொளுத்திவிட்டால் கடையை மூடியாகிவிட்டது.

அதனால் அங்கே வேலை செய்கிறவர்களோடு பேசுங்கள். நான் போகும் பூங்காவில் கூட்டிப் பெருக்கும் அக்காவிடம் ஒருநாள், "அக்கா, இந்த மூலைய மட்டும் கூட்டாம விடுங்களேன், குருவி வரும்" என்று கேட்டேன். "மேஸ்திரி வந்தா திட்டுவாரு தம்பி" என்றவர், துடைப்பத்தைச் சாய்த்து வைத்துவிட்டு, "கலர் கலரா, வாலே இல்லாம ஒண்ணு தத்தித் தத்திப் போகுமே, அதுவா? அது நாலு நாளா இங்கதான் கெடக்கு" என்றார். நான் ஒரு வாரமாகத் தேடிக்கொண்டிருந்த ஆறுமணிக்குருவி. தினமும் தரையைப் பார்த்து வேலை செய்கிறவர் கண்ணுக்கு அது முதல் நாளே பட்டிருக்கிறது. மேஸ்திரியிடம் நானே போய்ப் பேசினேன். அந்த மூலையை விட்டுவைத்தார்கள். கேட்டால் பெரும்பாலும் விடுவார்கள்; யாரும் கேட்பதில்லை.

உள்ளூர்க்காரர்களை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

விருந்தாளி யார் என்று தெரிய வேண்டுமானால் வீட்டு ஆட்களைத் தெரிந்திருக்க வேண்டும். ஆகஸ்டிலேயே தொடங்கிவிடுங்கள். கொண்டைக்குருவி, வெண்புருவச் சின்னான், தையல்சிட்டு, தேன்சிட்டு, குண்டுகரிச்சான், தவிட்டுக்குருவி, மாம்பழச்சிட்டு, குக்குறுவான், செண்பகம், வால்காக்கை: இந்தப் பத்தும் காகம், மைனா, கிளியும் கண்ணை மூடிக்கொண்டு குரலை வைத்தே தெரிகிற அளவுக்குப் பழகிவிட்டால், செப்டம்பரில் புதுக் குரல் ஒன்று எழும்போது தலை தானாகத் திரும்பும்.

புதிதாக வருகிறவர்கள் வழக்கமாகத் தடுமாறும் இடங்கள் இரண்டு. உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி தெளித்த பெரிய பறவையைப் பார்த்து ஏதோ அபூர்வம் என்று நினைப்பார்கள், அது பெண்குயில். புதருக்குள் துள்ளும் சின்னக் குருவியை எல்லாம் கதிர்குருவி என்று எழுதிவிடுவார்கள். வாலைச் செங்குத்தாகத் தூக்கி, உச்சந்தலையில் துருநிறம் இருந்தால் அது நம் தையல்சிட்டு. அந்த உருவத்துக்கு எவ்வளவு பெரிய தொண்டை என்று வியக்க வைக்கும்.

கையில் என்ன வேண்டும்

முதல் ஒரு மாதம் எதுவும் வேண்டாம். அதன் பிறகும் ஆசை இருந்தால் ஒரு பைனாகுலர். 8×42 என்று போட்டிருப்பதை வாங்குங்கள். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது முன்கண்ணாடியின் அகலம், மில்லிமீட்டரில். பத்து மடங்கு இன்னும் நல்லதுதானே என்று கடையில் சொல்வார்கள். மர நிழலில், கிளைகளுக்கு நடுவே, ஓரிடத்தில் நிற்காத குருவியைப் பிடிக்க அகலமான பார்வையும் வெளிச்சமும்தான் முக்கியம். பத்து மடங்கில் கையாட்டமும் பத்து மடங்கு. மூன்று மீட்டருக்குள் இருப்பதையும் தெளிவாகக் காட்டுமா என்று கடையிலேயே சோதியுங்கள், ஏனென்றால் சருகு மூலையில் பறவை சில சமயம் அவ்வளவு பக்கத்தில் வரும்.

வாங்கியதும் செய்ய வேண்டியது: வலக்கண்ணை மூடி, தொலைவில் இருக்கும் ஒரு பெயர்ப்பலகையை நடுச்சக்கரத்தால் தெளிவாக்குங்கள். பிறகு இடக்கண்ணை மூடி, வலப்பக்கக் கண்வில்லையை ஒட்டி இருக்கும் வளையத்தைத் திருப்பி அதே பலகையைத் தெளிவாக்குங்கள். இது ஒருமுறை செய்தால் போதும், பிறகு நடுச்சக்கரம் மட்டும்தான். கண்ணாடி போடுகிறவர்கள் கழற்ற வேண்டாம். ரப்பர் விளிம்பை மடித்து விடுங்கள் அல்லது உள்ளே திருகி விடுங்கள்.

பறவையைப் பார்த்ததும் குனிந்து பைனாகுலரைத் தேடாதீர்கள். பறவை மேலிருக்கும் கண்ணை எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வாருங்கள். வீட்டு மொட்டை மாடியில் காகத்தை வைத்து நாலு நாள் பழகினால் கை தானாக வரும்.

நகரத்துக்கே உரிய ஒரு எச்சரிக்கை. பூங்காவைச் சுற்றி அடுக்குமாடி வீடுகள். கிளையைப் பார்க்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்போம். பால்கனியில் துணி காயப் போடுகிறவருக்கு நாம் அவர் வீட்டைப் பார்ப்பதாகத்தான் படும். கட்டடத்தை நோக்கிப் பைனாகுலரைத் தூக்கவே தூக்காதீர்கள். முதல் நாளே வாட்ச்மேனிடம் என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லி, அவரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அதற்கப்புறம் யார் கேட்டாலும் அவரே பதில் சொல்லிவிடுவார்.

மங்கலான நிறச் சட்டை, முழுக்கை, முழுக்கால், கொசுவுக்கு ஏதாவது தடவிக்கொள்ளுங்கள், தண்ணீர், சட்டைப் பைக்குள் அடங்கும் நோட்டு. சருகில் கால் வைக்கும் முன் பார்த்து வையுங்கள். ஒதுக்குப்புறமான மூலை என்பதால் துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போவது நல்லது.

பார்க்கும் முறை

உட்காருங்கள். இதைவிட முக்கியமான உத்தி இல்லை. சருகு மூலைக்குப் பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி, மரத்தில் முதுகைச் சாய்த்து, சூரியன் உங்களுக்குப் பின்னால் இருக்கும்படி உட்காருங்கள். முதல் பத்து நிமிடம் ஒன்றும் நடக்காது. அணில் கத்தும், தவிட்டுக்குருவி ஏசும். பதினைந்தாவது நிமிடம் நீங்கள் மரத்தின் ஒரு பகுதி ஆகிவிடுவீர்கள். அப்போதுதான் மூலை விழிக்கும்.

கண்ணைக் கீழிருந்து மேலே மூன்று தட்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். தரையில் சருகு புரட்டுவது எது? இடுப்பு உயரப் புதருக்குள் நகர்வது எது? மேல் கிளையில் இலைக்கு இலை தாவுவது எது? எந்தத் தட்டு என்று தெரிந்தாலே பாதிப் பெயர் தெரிந்த மாதிரி. அடுத்தது, என்ன செய்கிறது: நடக்கிறதா, தத்துகிறதா? ஒரே கொம்பிலிருந்து பறந்து போய்ப் பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே கொம்புக்குத் திரும்புகிறதா? வால் என்ன செய்கிறது? நிறத்தைக் கடைசியில் பாருங்கள். நிழலில் நிறம் ஏமாற்றும், நடத்தை ஏமாற்றாது.

யார் யார் வருவார்கள்

தமிழ்ப் பெயர்கள் ஊருக்கு ஊர், நூலுக்கு நூல் மாறும். நான் பழகியவற்றைச் சொல்கிறேன்.

தரைத் தட்டில் முதலில் கொடிக்கால் வாலாட்டி. வெற்றிலைக் கொடிக்காலின் நிழலில் திரிவதால் வந்த பெயர். நம் மக்கள் எவ்வளவு கூர்ந்து பார்த்திருக்கிறார்கள் என்பதற்கு இந்தப் பெயரே சாட்சி. மேலே பாசிப் பழுப்பு, கீழே வெளிர் நிறம், மார்பில் இரண்டு கறுப்புப் பட்டை, இறக்கையில் வெளிர்க் கோடுகள். ஆனால் ஒரு அடையாளமும் தேவையில்லை, வாலைப் பார்த்தால் போதும். மற்ற வாலாட்டிகள் எல்லாம் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது ஒன்றுதான் பின்னுடம்போடு சேர்த்து இடமும் வலமும் ஆட்டும். சருகில் ஓரடி எடுத்து வைக்கும், நிற்கும், வால் இடப்பக்கம் போய் வலப்பக்கம் வரும், இன்னோரடி. சருகும் அதன் முதுகும் ஒரே நிறம் என்பதால், நின்றுவிட்டால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்துவிடும். வால் அசைந்தால் மறுபடி தெரியும். யாராவது வந்துவிட்டால் "பிங்க்" என்று கூர்மையாக ஒரு சத்தம் கொடுத்துவிட்டுப் பக்கத்துக் கிளைக்கு எழும்பி, கிளை மேலேயே நடந்து போகும். அசையாமல் இருந்தால் ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்துவிடும்.

அடுத்தது ஆறுமணிக்குருவி. தோட்டக்கள்ளன் என்றும் சொல்வார்கள். இந்தியில் இதற்கு நவரங் என்று பெயர். நுணுக்கமான வகைப்பாட்டில் பாடும் பறவைகளின் கிளையில் இது சேராது, அதற்குப் பக்கத்துக் கிளை. ஆனாலும் புரட்டாசிப் பூங்காவைப் பற்றி எழுதிவிட்டு இதை விட முடியுமா? மைனாவைவிடச் சிறியது. குட்டை வால், நீண்ட கால், கண் வழியாக ஓடும் கறுப்புப் பட்டை, பச்சை முதுகு, மஞ்சள் கலந்த பழுப்பு வயிறு, வாலடியில் குங்குமச் சிவப்பு, தோளில் ஒரு துளி மயில்நீலம். இத்தனை நிறத்தோடு நிழலில் நின்றால் ஒன்றுமே தெரியாது. தெரிவது சத்தம்தான்: சருகை அலகால் ஒதுக்கும் "சரக்", கொஞ்ச நேரம் அமைதி, மறுபடி "சரக்". விடியலிலும் அந்தியிலும் இரண்டு சுரத்தில் ஒரு சீழ்க்கை அடிக்கும், கிட்டத்தட்ட ஆறு மணிக்கு. சென்னையில் செப்டம்பர் கடைசியில் சூரியன் எழுவதும் ஆறு மணிக்குச் சற்று முன்புதான். பெயர் வைத்தவர்கள் கடிகாரம் பார்க்கவில்லை, வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறார்கள்.

இதைப் பார்த்துவிட்டால் துரத்தாதீர்கள். தொடக்கத்தில் நான் அந்தத் தவற்றைச் செய்தேன். ஒரு படத்துக்காகப் புதருக்குப் புதர் பின்னாலேயே போனேன். அது வேறு வழியில்லாமல் நிழலைவிட்டு வெட்ட வெளிக்குப் பறந்தது, இரண்டு காகம் விரட்டத் தொடங்கின, சுவரைத் தாண்டிச் சாலைப் பக்கம் போய்விட்டது. என்ன ஆயிற்று என்று தெரியாது. இன்றும் அந்தக் காலையை நினைத்தால் மனது சங்கடப்படுகிறது. அது உங்களைத் தேடி வரும்படி உட்கார்ந்திருங்கள்.

தரையில் இன்னொருவர் செந்தலைப் பூங்குருவி: ஆரஞ்சுத் தலையும் மார்பும், நீலச்சாம்பல் முதுகும். சருகை வீசி எறிந்து தேடும். அக்டோபரில் பார்க்கலாம்.

புதர்த் தட்டில் முதலில் சொன்ன பிளைத் நாணல் கதிர்குருவி. ஒரு அடையாளமும் இல்லாத பழுப்பு, அதுவே அதன் அடையாளம். வெளுத்த தொண்டை, நீண்ட அலகு, கண்ணுக்கு முன்னால் மட்டும் லேசான புருவக் கோடு. இதைப் பார்க்கப் புதரை நோக்கிப் போகக் கூடாது. "டக்" என்ற சத்தம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கேட்டு, அது போய்ச் சேரப்போகும் இடைவெளியில் பைனாகுலரை வைத்துக் காத்திருங்கள்.

புதர் உச்சியிலோ வேலிக் கம்பியிலோ வெளிப்படையாக உட்கார்ந்திருக்கும் கண்பட்டைக்காரர் பழுப்புக் கீச்சான். தலை பெரிது, அலகின் நுனி கொக்கி மாதிரி வளைந்திருக்கும். வெட்டுக்கிளியைப் பிடித்து முள்ளில் குத்தி வைக்கும் பழக்கம் உண்டு. வந்ததும் கரகரவென்று கத்தி இடத்தைச் சொந்தமாக்கிக்கொள்ளும். போன ஆண்டு உட்கார்ந்த அதே இடத்துக்கே திரும்பி வரும் கீச்சான்கள் உண்டு. உங்கள் பூங்காவில் எந்தக் கொம்பு என்று குறித்து வைத்தால் அடுத்த ஆவணியிலிருந்து அந்தக் கொம்பைப் பார்க்கத் தொடங்கலாம்.

மேல் தட்டில் பச்சைக் கதிர்குருவி. பத்து ரூபாய் நாணயம் ஒன்றை உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள், ஏறக்குறைய எட்டு கிராம். இந்தப் பறவையின் எடை அவ்வளவுதான். மங்கிய பச்சை, நீண்ட வெளிர்ப் புருவம், இறக்கையில் சில சமயம் மெல்லிய ஒரு கோடு. இலைக்கு அடியில் தொங்கிப் பூச்சி பொறுக்கும், ஒரு நொடி நிற்காது. "ச்சி-லீ" என்று இரட்டை ஒலி. கழுத்து வலிக்கும், தூங்குமூஞ்சி மரத்தை விட்டுவிட்டுத் தேன்பழ மரம் மாதிரிக் குட்டையான மரத்தில் தேடுங்கள். மாம்பழச்சிட்டும் தேன்சிட்டும் கும்பலாக மேயும் இடத்தில் இதுவும் சேர்ந்துகொள்ளும், அதனால் கும்பலை விட்டுக் கண்ணை எடுக்காதீர்கள்.

பழுப்பு ஈப்பிடிப்பான் புதியவர்களுக்கு ஏற்ற பறவை. நிழலில் இலையில்லாத ஒரு குச்சியில் நிமிர்ந்து உட்காரும். முகத்துக்குப் பொருந்தாத பெரிய கண். அதைச் சுற்றி வெள்ளை வளையம். பறக்கும், பிடிக்கும், அதே குச்சிக்குத் திரும்பும். நிதானமாகப் பார்க்கலாம். அதன் பெரிய உறவுபோல் தோன்றும் அரசவால் ஈப்பிடிப்பான் வந்தால் யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் நீண்ட வெள்ளை வாலை எதிர்பார்த்து ஏமாறாதீர்கள்: பெண்ணும் இளம் பறவையும் செம்பழுப்பு நிறத்தில், நீண்ட வால் இல்லாமல், கறுத்த கொண்டையோடு இருக்கும். மாங்குயிலும் இந்த நாட்களில்தான் மஞ்சள் மின்னலாகக் கடந்து போகும். நிமிர்ந்து மின்கம்பியையும் பாருங்கள், தகைவிலான்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கலாம்.

காது, கைபேசி, நோட்டு

பாடும் பறவைகள் என்று பெயர், ஆனால் இங்கே அவை பெரும்பாலும் பாடுவதில்லை. பாட்டு துணை தேடுவதற்கும் கூட்டிடத்தைக் காப்பதற்கும். அது வடக்கே முடிந்துவிட்டது. இங்கே ஒற்றை ஒலிகள்தான்: டக், ச்சிலீ, கர்ர், பிங்க். கதிர்குருவி திரும்பிப் போகும் பங்குனி நாட்களில் மட்டும் புதருக்குள் தணிந்த குரலில் பாடிப் பார்ப்பதைக் கேட்கலாம்.

மெர்லின் என்ற இலவசச் செயலி ஒலியைக் கேட்டுப் பெயர் சொல்லும். உதவிதான். ஆனால் அது சொன்ன பெயரைக் கண்ணால் பார்க்கும் வரை எழுதாதீர்கள். ஒற்றை ஒலிகளில் அது தவறும், ஆட்டோ ஹாரனும் அணிலும் குறுக்கே வரும். பறவையை வரவழைக்க அதன் குரலைக் கைபேசியில் போட்டுக் காட்டுவது வேண்டவே வேண்டாம். களைத்து வந்த பறவை எதிரி வந்துவிட்டான் என்று தின்பதை விட்டுவிட்டுத் தேடி அலையும்.

பார்த்ததை, பறவை பார்ப்பவர்கள் பதிவிடும் ஈபேர்ட் இணையதளத்தில் பதியலாம். ஒரு பூங்காவுக்கு எது எப்போது வருகிறது என்று பின்னால் வருகிறவர்களுக்குத் தெரியும்; பூங்காவைத் திருத்தி அமைக்கத் திட்டம் போடும்போது காட்டுவதற்கும் கையில் ஏதாவது இருக்கும். அதற்கு முன் நோட்டில் எழுதுங்கள்: தேதி, நேரம், முந்தின இரவு மழையா, எந்தத் தட்டு, என்ன செய்தது. ஒன்றும் வராத நாளையும் எழுதுங்கள். படம் வரையத் தெரியாவிட்டாலும் ஒரு முட்டையும் ஒரு கோடும் போட்டு, எங்கே பட்டை, எங்கே புள்ளி என்று குறியுங்கள். கைபேசியில் எடுத்த மங்கலான படத்தைவிட அது அதிகம் சொல்லும்.

வீட்டுக்குள் வந்து விழுந்தால்

இதைத் தெரிந்துகொள்வது கட்டாயம். ஒவ்வொரு செப்டம்பர், அக்டோபரிலும் ஆறுமணிக்குருவி வீட்டு வராந்தாவிலோ மாடிப்படியிலோ கிடப்பதாக யாராவது படம் அனுப்புவார்கள். இரவு விளக்கில் தடுமாறியோ கண்ணாடியில் மோதியோ காகம் துரத்தியோ வந்திருக்கும். பெரும்பாலும் அதிர்ச்சியும் களைப்பும்தான்.

ஒரு மெல்லிய துணியை மேலே போட்டு, இறக்கை உடம்போடு சேர்ந்திருக்கும்படி மென்மையாக எடுங்கள். ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து வையுங்கள். மூடி விடுங்கள். இருட்டும் அமைதியும்தான் மருந்து. வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். சோறு, அரிசி, பால் எதுவும் வேண்டாம். பிள்ளைகள் ஆசைப்படுவார்கள், ஒரே ஒரு முறை காட்டிவிட்டு மூடிவிடுங்கள். செல்ஃபி வேண்டாம். வளர்ப்பது சட்டப்படி குற்றம், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதற்கும் பொருந்தும்.

ஒன்றிரண்டு மணி நேரம் கழித்துப் பெட்டிக்குள் அசையும் சத்தம் கேட்கும். இறக்கை தொங்கினாலோ நிற்க முடியாவிட்டாலோ வனத்துறைக்கோ காட்டுயிர்களுக்கு வைத்தியம் பார்க்கும் இடத்துக்கோ உடனே சொல்லுங்கள். நன்றாக இருந்தால் காகங்கள் அடங்கிய பிறகு, வெளிச்சம் முழுதும் போவதற்குள், பெட்டியைப் பூங்காவின் அந்தச் சருகு மூலைக்கு எடுத்துப் போங்கள். தெருநாயோ பூனையோ இல்லை என்று பார்த்துக்கொண்டு, பெட்டியைப் புதருக்கு அடியில் சாய்த்து வைத்து, மூடியைத் திறந்துவிட்டுப் பின்னால் தள்ளி நில்லுங்கள். தூக்கி வீசக் கூடாது. கொஞ்ச நேரம் வெளியே பார்க்கும். ஒரு தத்தல், இரண்டாவது தத்தலில் சருகோடு கலந்துவிடும். மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே மரத்தில் சாய்ந்து உட்கார்ந்து, "சரக்" என்று கேட்கிறதா என்று பாருங்கள்.